சொல்லாமல் நின்றுவிடாதீர்கள்: தொலைவிலிருந்து பட்டம் படிக்கப் போகும் பிள்ளைகளுக்குப் பத்து அறிவுரைகள்

“டீச்சர், வேலைய விடாம டிகிரி படிக்கணும். இயங்கலையில படிச்சா முடியுமா?”

கூலாயில் என் வீட்டுக்கு வரும் பிள்ளைகள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. ஒருவன் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்துவிட்டு, கண் சிவக்க வந்து உட்காருகிறான். ஒருத்தி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்கிறாள். விடியற்காலை நாலரை மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்து, ஜொகூர் பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூரில் உழைத்துவிட்டு இரவு ஒன்பதுக்கு வீடு திரும்புகிறவர்களும் வருகிறார்கள். முடியும் என்றுதான் எல்லாருக்கும் சொல்கிறேன். எப்படி முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்வது என் கடமை.

நான் குளுவாங் பக்கத்துத் தோட்ட லயத்தில் பிறந்தவள். அப்பா பால் மரம் வெட்டினார். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழோடு தமிழ்ப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். பட்டம் வாங்கியபோது எனக்கு முப்பத்தைந்து வயது தாண்டிவிட்டது, இரண்டு பிள்ளைகள். பினாங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்வியில் படித்தேன். 1971இல் இந்த நாட்டில் முதன்முதலில் தொலைக்கல்வியைத் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களுக்குப் பாடம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். ஓய்வு பெற்ற பிறகு ஜொகூர் பாருவில் ஒரு கற்றல் மையத்தில் வார இறுதி டியூட்டராக இருந்தேன். 2020இல் அந்த வகுப்பு முழுக்கத் திரைக்குப் போயிற்று.

தபாலில் பாடம் வாங்கிப் படித்த மாணவியாகவும், திரையில் பாடம் சொன்ன டியூட்டராகவும் இருந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது ஒன்று. படிக்கத் தெரியாமல் இதில் தோற்ற பிள்ளைகள் மிகக் குறைவு. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒருநாள் நின்றுவிட்டவர்கள்தான் அதிகம். வகுப்பறையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் பக்கத்தில் இருக்கிறவள் விசாரிப்பாள். திரையில் ஒரு பெயர் குறைந்தால் விசாரிக்க ஆளில்லை. கீழே சொல்லும் பத்தையும் இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. சேர்வதற்கு முன் பதிவேட்டைப் பாருங்கள்.

விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். மலேசியத் தகுதி முகமையாகிய எம்.கியூ.ஏ. அங்கீகரித்த படிப்புகளின் பதிவேடு இணையத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். நீங்கள் சேரும் படிப்பு, அதே பெயரில், தொலைக்கல்வி முறையில் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நிறுவனத்தில் ஒரு படிப்புக்கு அங்கீகாரம் இருக்கும், அடுத்ததற்கு இன்னும் கிடைத்திருக்காது. பொறியியல், சட்டம், தாதிமை போன்ற துறையென்றால் அந்தத் தொழிலின் வாரியம் இந்தப் பட்டத்தை ஏற்கிறதா என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எஸ்.டி.பி.எம். என்ற உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழ் இல்லையே என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கும் ஒரு வாசல் உண்டு. ஏப்பல் என்று சொல்லப்படும் அனுபவ அடிப்படையிலான சேர்க்கை முறை அது. 21 வயது நிறைந்து, போதுமான வேலை அனுபவம் இருந்தால், தகுதித் தேர்வு எழுதி, உங்கள் அனுபவத்தைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுத்து இளங்கலைப் படிப்பில் சேரலாம். பத்து வருஷம் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்த அனுபவத்துக்கு அங்கே மதிப்பு உண்டு.

2. மணிக்கணக்குப் போடுங்கள்.

நம் நாட்டுக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிட வேண்டிய 40 மணி நேரம். வகுப்பு, வாசிப்பு, இடுபணி, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் இதில் அடங்கும். மூன்று கிரெடிட் பாடமென்றால் 120 மணி. பதினான்கு வாரத்துக்குப் பிரித்தால் ஒரு பாடத்துக்கு வாரம் எட்டரை மணி நேரம். மூன்று பாடம் எடுத்தால் வாரம் இருபத்தைந்து மணிக்கு மேல் போகும். எட்டு மணி நேர வேலையும், பாலத்தில் இரண்டு மூன்று மணி நேரப் பயணமும், வீட்டு வேலையும் உள்ளவருக்கு அந்த இருபத்தைந்து மணி எங்கிருந்து வரும்? தாளை எடுத்து, ஒரு வாரத்தின் 168 மணி நேரத்தையும் கட்டம் போட்டு எழுதிப் பாருங்கள். முதல் செமஸ்டரில் இரண்டு பாடம் போதும். நாலு பாடம் எடுத்து மூன்றில் தோற்றவனைவிட, இரண்டு எடுத்து இரண்டிலும் தேறியவன்தான் முன்னால் போகிறான். முதல் செமஸ்டர் தோல்வி பணத்தோடு போவதில்லை, மனத்தையும் சேர்த்து உடைக்கும்.

3. ஒரு நேரம், ஓர் இடம்.

“நேரம் கிடைக்கும்போது படிப்பேன்” என்றவர்கள் யாரும் முடித்து நான் பார்த்ததில்லை. நேரம் கிடைக்காது, ஒதுக்கித்தான் வைக்க வேண்டும். என் நேரம் காலை நாலரையிலிருந்து ஆறு. குசினி மேசையில் ஒரு மூலை என்னுடையது. அங்கே மோடியூலும் பென்சிலும் எப்போதும் கிடக்கும். தோட்டத்தில் அப்பா மரம் வெட்டப் புறப்படும் நேரம் அது. அந்த நேரத்தில் கண் விழிப்பது எங்கள் வீட்டு வழக்கம். உங்கள் வழக்கம் எதுவோ அதை ஒட்டி நேரத்தை வையுங்கள். ஷிப்டு மாறுகிறவர்கள் மணியைக் கணக்காக வைக்க முடியாது. அவர்கள் “வேலை முடிந்து குளித்த பிறகு ஒரு மணி நேரம்” என்று செயலைக் கணக்காக வைக்கலாம். படுக்கை மட்டும் வேண்டாம். படுத்துக்கொண்டு கேட்ட பாடம் எதுவும் மறுநாள் நினைவில் இருப்பதில்லை.

4. இணையக் கோடு அறுந்துபோகும் என்று எண்ணியே திட்டமிடுங்கள்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அந்த ஆண்டு முடியும்வரை பல்கலைக்கழகப் பாடங்களை இயங்கலையிலேயே நடத்தும்படி உயர்கல்வி அமைச்சு சொன்னது. நகரத்துப் பிள்ளைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது அப்போது எல்லார் கண்ணிலும் பட்டது. ஜூன் மாதம் சபாவின் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு மாணவி இயங்கலைத் தேர்வு எழுத மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்த காணொளியை நாடே பார்த்தது. என் வகுப்பிலும் செம்பனைத் தோட்டத்து மேட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போய், கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி பாடம் கேட்ட பிள்ளை இருந்தாள். மழை வந்தால் அவளுடைய வகுப்பு அதோடு முடிந்தது.

இன்று கோடு பரவாயில்லை. ஆனாலும் நம்பியிருக்காதீர்கள். வாரத்தின் பாடங்களைக் கோடு நன்றாக இருக்கும் இரவில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு இணையம் ஒரு நிறுவனத்துடையது என்றால் கைப்பேசிக்கு வேறு நிறுவனத்தின் சிம் இருக்கட்டும். இடுபணியைக் கடைசி நாளுக்கு முதல் நாளே ஏற்றிவிடுங்கள். ஏற்றியதற்கு அத்தாட்சியாகத் திரையைப் படம் எடுத்து வையுங்கள். நம் மாநிலத்துக்கு வெள்ளமும் உண்டு. 2023 மார்ச்சில் சிகாமாட், யோங் பெங், பத்து பகாட் பக்கம் ஆயிரக்கணக்கானோர் நிவாரண மையங்களில் தங்கினார்கள். எழுதியதன் ஒரு பிரதி மடிக்கணினிக்கு வெளியேயும் இருக்க வேண்டும். மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்தால்கூடப் போதும். தண்ணீர் ஏறினால் முதலில் உயிரையும் வீட்டாரையும் பாருங்கள். மேடான இடம் சேர்ந்ததும் டியூட்டருக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) இரண்டு வரி போடுங்கள். வெள்ளத்தில் மாட்டியவருக்குத் தவணை நீட்டிக்க மனமில்லாத டியூட்டரை நான் கண்டதில்லை. செய்தி வராததால் சுழியம் போட நேர்ந்த டியூட்டர்களைக் கண்டிருக்கிறேன்.

5. வாயைத் திறந்து கேளுங்கள்.

என் முதலாண்டில் பொருளாதாரப் பாடத்தில் வளைகோடுகள் எனக்குப் புரியவில்லை. பழுப்பு உறையில் வந்த கையேட்டின் முதல் பக்கத்தில் விரிவுரைஞரின் தொலைபேசி எண் அச்சாகியிருந்தது. ஒருமுறைகூட நான் அந்த எண்ணை அழைக்கவில்லை. என் மலாய் தடுமாறும், ஒரு டீச்சருக்கு இதுகூடத் தெரியவில்லையா என்று நினைப்பார் என்ற வெட்கம். அந்தப் பாடத்தில் தோற்றேன். வருஷ இறுதியில் குளுவாங்கில் ரயிலேறி, பட்டர்வொர்த் போய், பெர்ரியில் கடல் தாண்டி, பினாங்கு வளாகத்தில் நேர் வகுப்புக்கு உட்கார்ந்தபோது அதே விரிவுரைஞர் பத்து நிமிஷத்தில் அதை விளக்கினார். பத்து நிமிஷ விளக்கத்தைக் கேட்காமல் ஒரு வருஷத்தை இழந்தேன்.

உங்களுக்கு அந்த எண்ணைவிடச் சுலபமான வழிகள் உண்டு. இயங்கலை வகுப்பில் பேசத் தயக்கமென்றால் எழுதிக் கேளுங்கள். “ஒன்றும் புரியவில்லை” என்று கேட்டால் டியூட்டருக்கும் எங்கே தொடங்குவதென்று தெரியாது. “மூன்றாம் பாடம், பதினேழாம் பக்கம், இரண்டாவது படம் வரை புரிந்தது, அதன் பிறகு இந்த எண் எப்படி வந்தது?” என்று கேளுங்கள். அப்படி எழுதும்போதே பாதி விளங்கிவிடும். முதல் வாரத்திலேயே ஒரு கேள்வியாவது கேட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு டியூட்டருக்கு நீங்கள் வெறும் பெயராக இருக்க மாட்டீர்கள்.

6. பாடம் எந்த மொழியில் இருந்தாலும் தமிழில் விளக்கிப் பாருங்கள்.

தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம், இடைநிலைப்பள்ளியில் மலாய், பல்கலைக்கழகத்தில் மலாயோ ஆங்கிலமோ என்று மொழி மாறி மாறி வந்தவர்கள் நாம். வகுப்பறையில் ஆசிரியரின் முகமும் கையும் பாதிப் பொருளைச் சொல்லிவிடும். மோடியூலில் எழுத்து மட்டும்தான். ஒரு பகுதியை வாசித்ததும் நூலை மூடிவிட்டு, அம்மாவுக்கோ தம்பிக்கோ தமிழில் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் புரிந்திருக்கிறது. சொல் தடுக்கும் இடத்தில்தான் திரும்ப வாசிக்க வேண்டும். பிறகு அதையே பாட மொழியில் ஐந்து வரி எழுதுங்கள். தேர்வு எழுதும் கைக்கு அந்தப் பழக்கம் வேண்டும். துறைச் சொற்களுக்கு மும்மொழிக் குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது இன்னும் என்னிடம் இருக்கிறது.

7. தனியாகப் படிக்காதீர்கள்.

1982இல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் நம் சமூகத்துக்குக் கற்றுத்தந்த பாடம் இது. தோட்டத்துப் பிள்ளைகளையும் புறம்போக்குப் பிள்ளைகளையும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாக உட்கார வைத்து, பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டே பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படி மேலே வந்தவர்கள் திரும்பி வந்து அடுத்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தொலைக்கல்விக்கு அது இன்னும் அவசியம். உங்கள் பாடத்திலேயே மூன்று பேரைத் தேடுங்கள். புலனத்தில் குழு வையுங்கள், வாரம் ஒருமுறை பேசுங்கள். மாதம் ஒருமுறையாவது ஸ்கூடாயிலோ மாசாயிலோ ஒரு சாப்பாட்டுக் கடையில் நேரில் உட்காருங்கள். ஒருவர் இரண்டு வாரம் பேசவில்லையென்றால் மற்றவர் வீட்டுக்கே போய் விசாரிப்பது என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

8. உங்கள் கையால் எழுதுங்கள்.

இப்போது கேள்வியைப் போட்டால் கட்டுரையையே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. புரியாத பகுதியை எளிமையாக விளக்கச் சொல்லவும், உங்கள் வரைவில் இலக்கணம் பார்க்கவும் பல்கலைக்கழகம் அனுமதித்தால் பயன்படுத்துங்கள். இடுபணியை அதன் கையில் கொடுத்துவிடாதீர்கள். பிடிபடுவோமா என்ற பயத்தால் சொல்லவில்லை. தொலைக்கல்வியில் உங்களை உட்கார வைத்து யோசிக்கச் செய்வது அந்த இடுபணி ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுத்தால் கையில் சான்றிதழ் இருக்கும், நேர்முகத் தேர்வில் வாயில் சொல் இருக்காது. தடுமாறி எழுதிய மாணவர்களின் கட்டுரையை இரண்டு முறை படித்துத் திருத்தியிருக்கிறேன். அந்தத் திருத்தம்தான் நீங்கள் கட்டிய பணத்துக்குக் கிடைக்கும் பாடம்.

9. பணத்தையும் வீட்டாரையும் முதலிலேயே கணக்கில் எடுங்கள்.

கட்டணத்தை முழுப் படிப்புக்கும் சேர்த்துக் கேளுங்கள்; பதிவு, தேர்வு, மறுதேர்வு, பட்டமளிப்பு எல்லாம் அதில் வர வேண்டும். ஊழியர் சேமநிதியில் செஜாத்தெரா கணக்கிலிருந்து படிப்புக்காகப் பணம் எடுக்கலாம். ஆனால் அது உங்கள் முதுமைக் காசு. தேறும் பாடங்களுக்கே போகட்டும். பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் வாங்கினால் திருப்பிக் கட்டும் மாதத் தொகையை இன்றே தெரிந்துகொள்ளுங்கள். பாடத்தைக் கைவிடக் கடைசித் தேதி ஒன்று உண்டு. அது தாண்டினால் கட்டிய வெள்ளி திரும்பாது. அந்தத் தேதியை நாட்காட்டியில் வட்டமிடுங்கள்.

வீட்டிலும் வெளிப்படையாகப் பேசுங்கள். வீட்டில் இருந்தபடி படிக்கும் பெண்ணை, வீட்டில் சும்மா இருக்கிறாள் என்றே நம் குடும்பங்கள் எடுத்துக்கொள்கின்றன. காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பவளிடம் “சாதம் வடிச்சிட்டியா?” என்பார்கள். சண்டை போட வேண்டாம். வகுப்பு நேரத்தைத் தாளில் எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். அந்த நேரத்தில் குழந்தையை யார் பார்ப்பது, அடுப்பை யார் பார்ப்பது என்று பெயர் போட்டு எழுதுங்கள். என் கணவர் சமையல் கற்றது என் இரண்டாம் ஆண்டில்தான். இந்தப் பட்டத்தில் அவருக்கும் பங்குண்டு.

10. பின்தங்கிவிட்டால் சொல்லுங்கள், சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள்.

2020 மார்ச் 17 இரவு, மறுநாள் எல்லை மூடுகிறது என்று தெரிந்து, வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஆயிரக்கணக்கானோர் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போனார்கள். என் மாணவன் ஒருவனும் அவர்களில் இருந்தான். மாசாய்ப் பையன், கிடங்கில் வேலை. ஓர் அறையில் ஆறு பேர். மூன்றாவது வாரம் அவன் பெயர் திரையில் இல்லை. நான் அழைத்தேன். நடைபாதையில் உட்கார்ந்து கைப்பேசியில் பாடம் கேட்டானாம்; ஒலிவாங்கியைத் திறந்தால் மற்றவர்கள் சத்தம் கேட்குமென்று பேசவில்லை; ஓர் இடுபணி தவறியதும், இனி என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டானாம். “இன்னும் விலகல, டீச்சர். ஆனா முடிஞ்சிபோச்சு” என்றான். முடியவில்லை என்று சொன்னேன். படிப்பை ஒத்திவைக்கும் விண்ணப்பத்தை அன்றிரவே தொலைபேசியில் சேர்ந்து எழுதினோம். 2021 நவம்பர் இறுதியில் பாலம் தடுப்பூசி போட்டவர்களுக்குத் திறந்தது. அவன் வீட்டுக்கும் வந்தான், வகுப்புக்கும் வந்தான். நண்பர்களுக்கு இரண்டு செமஸ்டர் பின்னால் முடித்தான்.

இதை என் பெருமைக்காகச் சொல்லவில்லை. அதே வகுப்பில் சிகாமாட்டிலிருந்து ஒரு பெண் படித்தாள். அழகான கையெழுத்து, இடுபணியைக் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புவாள், வீட்டில் கணினி இல்லை. ஒரு சனிக்கிழமை அவள் வரவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருந்தேன். அதற்கடுத்த வாரம் நான் அழைத்தபோது அந்த எண் பயன்பாட்டில் இல்லை. எல்லா டியூட்டருக்கும் எல்லாப் பெயரும் கண்ணில் படாது. எனக்கே படவில்லை. அதனால்தான், யாராவது தேடி வருவார்கள் என்று காத்திராமல் நீங்களே முதலில் சொல்லுங்கள் என்று இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒத்திவைக்க விண்ணப்பம் இருக்கிறது. தோற்ற பாடத்தைத் திரும்ப எடுக்கலாம். வருஷங்கள் போன பிறகும், தேறிய பாடங்களுக்குக் கிரெடிட் மாற்றம் உண்டா என்று எழுதிக் கேட்கலாம். இவை எதற்கும் முதல் அடி ஒரு தொலைபேசி அழைப்பு, அல்லது இரண்டு வரிச் செய்தி.

சிகாமாட்டுப் பிள்ளையே, இதை நீ படிக்க நேர்ந்தால், நீ கடைசியாக அனுப்பிய இடுபணியை நான் திருத்தி வைத்திருக்கிறேன். நல்ல மதிப்பெண். இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருக்கிறேன். வந்து பதில் சொல்லம்மா.